பக்கத்து ஏரியில் பனிக்காலப் பறவைகள்: டெல்டாவில் புதிதாகப் பார்க்கத் தொடங்குவோருக்கு

கார்த்திகை மழை கொஞ்சம் ஓய்ந்ததும் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். "வடுவூருக்கு எப்ப போனா நிறையப் பறவை பார்க்கலாம்?" நான் சொல்லும் பதில் அவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். வடுவூர்ப் பறவைகள் சரணாலயத்துக்கு அப்புறம் போகலாம். முதலில் உங்கள் ஊர் ஏரிக்கு நான்கு முறை போய்விட்டு வாருங்கள்.

பெரிய சரணாலயத்துக்கு முதல் தடவையாகப் போகிறவருக்குத் தண்ணீர் நடுவே ஏராளமான கரும்புள்ளிகள் தெரியும். எது வாத்து, எது நாமக்கோழி என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகியிருக்காது. அரை மணி நேரத்தில் அலுத்துப்போய்த் திரும்பிவிடுவார். ஊர் ஏரியில் அறுபது எழுபது பறவைதான் இருக்கும். ஆள் நடமாட்டத்துக்குப் பழகியவை என்பதால் கிட்டத்திலேயே இருக்கும். நான்கு வாரம் தொடர்ந்து போனால் எது எப்போதும் அங்கேயே கிடப்பது, எது புதிதாக வந்து இறங்கியது என்று பிடிபட்டுவிடும். வலசை வந்த பறவையைப் பார்ப்பதன் சந்தோஷம் அந்த வித்தியாசம் தெரிவதில்தான் இருக்கிறது. நேற்றுவரை இல்லாத ஒன்று இன்று காலை மதகடியில் நின்று சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும். மத்திய ஆசியாவிலிருந்து வந்திருக்கும். அது உங்கள் கண்ணில் பட வேண்டுமானால் நேற்று அங்கே என்ன இருந்தது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நாள்காட்டியோடு தண்ணீரையும் பாருங்கள்

பறவைகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை. சம்பா, தாளடி நடவு நடக்கும் ஆவணி, புரட்டாசியிலேயே, மூக்கால் சேற்றைக் குத்தி இரை தேடும் உள்ளான்கள் சேற்று வயலில் இறங்கத் தொடங்கிவிடும். ஐப்பசியில் மின்கம்பிகளில் தகைவிலான்கள் வரிசை கட்டும். மாட்டின் காலடியில் மஞ்சள் வாலாட்டி ஓடும். முள்வேலி உச்சியில் கண்ணுக்குக் கறுப்புப் பட்டை கட்டியதுபோல் பழுப்புக் கீச்சான் வந்து உட்காரும். வாத்துகள் கடைசியாகத்தான் வரும். கார்த்திகைக் கடைசியில் தொடங்கி, தை மாதத்தில் நிறைந்து, மாசியில் குறைந்து, பங்குனியில் கிட்டத்தட்ட எல்லாம் கிளம்பிவிடும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு டிசம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி நடுவரை நல்ல காலம்.

ஆனால் மாதத்தைவிட முக்கியம் ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது. மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பதும் ஜனவரி 28இல் மூடுவதும் வழக்கம். நீர் இருப்பைப் பொறுத்து இந்தத் தேதிகள் மாறும். ஆற்றுத் தண்ணீரும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஏரி கரை தொட்டு நிற்கும்போது பறவை குறைவாகத்தான் தெரியும். காரணம் எளிது. அப்போது எங்கு பார்த்தாலும் தண்ணீர். வயல், பள்ளம், வாய்க்கால் என்று பறவைகள் சிதறிப்போயிருக்கும். அத்தோடு, ஊசிவால் வாத்து போன்றவை முங்கி இரை எடுப்பதில்லை. தலையைக் கீழே விட்டு, வாலைத் தூக்கி, கழுத்து எட்டும் ஆழத்தில்தான் மேயும். ஆழம் அதிகமானால் அவற்றுக்குச் சாப்பாடு எட்டாது.

தண்ணீர் வடியத் தொடங்கி ஓரத்தில் ஒரு முழம் அகலத்துக்குச் சேறு தெரியும் வாரம் இருக்கிறதே, அந்த வாரத்தைத் தவறவிடாதீர்கள். வாத்துகள் நடுவில் கூடியிருக்கும், உள்ளான்கள் ஓரச் சேற்றில் இறங்கியிருக்கும். மழை அதிகமான வருஷத்தில் அது தை கடைசிக்குத் தள்ளிப்போகும், குறைந்த வருஷத்தில் மார்கழியிலேயே வந்துவிடும்.

எந்த ஏரி

பழைய டெல்டாவின் நடுப்பகுதியில் ஆறும் வாய்க்காலும் குளமும்தான் அதிகம். ஏரிகள் தெற்கே மேட்டுப் பக்கமாக, ஒரத்தநாடு, மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் நிறைய. உங்கள் ஊரில் ஏரி இல்லையென்றால் கவலை வேண்டாம். ஒரு பெரிய குளம், அல்லது அறுவடை முடிந்து தண்ணீர் நிற்கும் பத்து ஏக்கர் வயல், தொடங்குவதற்குப் போதும்.

தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பவை சில. ஒரு பக்கமாவது சரிவாக ஆழம் குறைந்திருக்க வேண்டும். நான்கு புறமும் படிக்கட்டு கட்டிய கோயில் குளத்தில் நீர்க்காகமும் முக்குளிப்பானும் இருக்கும், உள்ளானுக்கு நிற்க இடம் இருக்காது. அல்லியோ கோரையோ சம்போ கொஞ்சம் இருந்தால் நல்லது. முழுக்க ஆகாயத்தாமரை மூடிய ஏரியில் வாத்து இறங்காது. அதற்குத் திறந்த நீர்ப்பரப்பு வேண்டும். நெய்வேலிக் காட்டாமணக்கு ஓரத்தில் மண்டியிருந்தால் பார்வை மறைக்கும், ஆனால் அதற்குள்தான் நீலத்தாழைக்கோழி நடமாடும். அப்புறம், வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இது எல்லாவற்றையும்விட முக்கியம். பஸ் பிடித்துப் போகிற ஏரிக்கு நான்கு வாரம் தொடர்ந்து யாரும் போவதில்லை.

ஏரியைத் தெரிந்தவர்களிடம் கேளுங்கள். ஆடு மேய்ப்பவர்கள், வலை போடுபவர்கள், மதகு திறப்பவர்கள். நான் தொடங்கிய வருஷம் ஒரு மாதமாகக் கோரை உள்ளானைத் தேடிக்கொண்டிருந்தேன். கரையில் ஆடு ஓட்டி வந்த ஒரு அம்மா, "அந்தப் பள்ளத்துல காலை வச்சா காலடியிலேருந்து வெடிச்சுக்கிட்டுப் பறக்குமே, அதுவா தம்பி?" என்று கேட்டு இடத்தைக் காட்டினார். அவர் சொன்ன மாதிரியேதான் பறந்தது. அந்தப் பறவை அசையாமல் பதுங்கியிருந்து, ஆள் கிட்டே வந்த பிறகு வளைந்து வளைந்து பறக்கும் என்பதை அதைவிடச் சுருக்கமாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

என்ன வேண்டும்

ஒரு பைனாகுலர், ஒரு சிறு நோட்டு, பென்சில், தண்ணீர். தொப்பி இருந்தால் நல்லது. பச்சை, பழுப்பு, சாம்பல் என்று மங்கலான நிறத்தில் சட்டை. வெள்ளைச் சட்டை தூரத்திலிருந்தே பறவையை எச்சரித்துவிடும்.

கேமரா வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கேமராவோடு தொடங்குகிறவர்கள் படத்தைப் பார்க்கிறார்கள், பறவை என்ன செய்கிறது என்று பார்ப்பதில்லை. படத்துக்காகக் கிட்டே போய்ப் பறவையைக் கிளப்பியும் விடுகிறார்கள்.

பைனாகுலரில் 8x42 என்று இரண்டு எண் எழுதியிருக்கும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். ஏரிக்கு 8x42 சரியாக இருக்கும். பத்து மடங்கு வாங்கினால் இன்னும் தூரம் பார்க்கலாம்தான், ஆனால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். பார்க்கிற வட்டமும் சிறியதாகிவிடும். விளையாட்டுச் சாமான் கடையில் கிடைக்கும் மலிவான பைனாகுலர்கள் கண்வலியைத்தான் தரும். அதற்கு, தெரிந்தவரிடம் ஒன்றை இரவல் வாங்கலாம்.

வாங்கியவர்களில் பலர் அதைத் தங்கள் கண்ணுக்குச் சரிசெய்யாமலே பயன்படுத்துகிறார்கள். ஒரே ஒரு முறை செய்ய வேண்டிய வேலை இது. முதலில் இரண்டு குழலையும் மடக்கி விரித்து, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் அசையாத ஒன்றை, ஒரு பெயர்ப் பலகையையோ பனைமரத்தையோ குறிவையுங்கள். வலது கண்ணை மூடி, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அடுத்து இடது கண்ணை மூடி, வலது பக்கக் கண்குழலில் இருக்கும் வளையத்தை மட்டும் திருப்பி வலது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அவ்வளவுதான். இனி நடுச் சக்கரம் மட்டும் போதும். மூக்குக்கண்ணாடி போடுபவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். கண்குழலின் ரப்பர் விளிம்பை உள்ளே திருகிவிட்டால் முழு வட்டமும் தெரியும்.

பறவையைக் கண்டதும் கண்ணை எடுக்காதீர்கள். முகம் அப்படியே இருக்க, பைனாகுலரைக் கண்ணுக்குத் தூக்கி வாருங்கள். குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவையைத் தொலைத்துவிடுவீர்கள். வீட்டு மாடியில் காக்கையை வைத்து இரண்டு நாள் பழகினால் கை வந்துவிடும்.

முதல் காலை

மார்கழி, தையில் சூரியன் ஆறரை மணிவாக்கில் எழும். அதற்குக் கால் மணி முன்னால் கரையில் இருங்கள். ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஏறி, நீர்ப்பரப்பு பளபளத்து, தூரத்துப் பறவைகள் எல்லாம் கானல்போல் நடுங்கத் தொடங்கிவிடும்.

எந்தக் கரையில் நிற்பது? வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பாருங்கள், மாலையில் மேற்குக் கரையில் நின்று கிழக்கே பாருங்கள். மாறி நின்றால் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். முதல் நாளே மனம் விட்டுப்போகிறவர்களில் பாதிப்பேர் தப்பான கரையில் நின்றவர்கள் என்பது என் எண்ணம்.

கரை மேட்டின் உச்சியில் நடக்காதீர்கள். வானத்தைப் பின்னணியாக வைத்து ஆள் உருவம் தெரிந்தால் வாத்துகள் தூரத்திலிருந்தே கவனித்து நடுவுக்கு நகர்ந்துவிடும். வெளிச்சரிவில் நடந்து, ஒரு பனையோ கருவேலோ இருக்கும் இடத்தில் மெதுவாக மேலேறி, மரத்தை ஒட்டி உட்காருங்கள். உட்கார்ந்த பின் பத்து நிமிஷம் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்களைக் கண்டு ஒதுங்கியவை அந்த நேரத்தில் திரும்பி வரும்.

அப்புறம் கிட்டத்திலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் ஏரி நடுவையே முதலில் பார்ப்பார்கள். காலடிக்குப் பத்தடி தூரத்தில் கோரைக்குள் நிற்கும் மடையான் கொக்கை யாரும் பார்ப்பதில்லை. முதலில் ஓரச் சேறு, அடுத்து புல், அல்லி இலைப் பரப்பு, பிறகு திறந்த தண்ணீர், கடைசியாக ஏரிக்குள் நிற்கும் மரங்கள். ஒவ்வொன்றையும் இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவிப் பாருங்கள். நடுநடுவே வெறும் கண்ணால் வானத்தையும் பாருங்கள்.

ஏரியில் இருக்கிற வாத்தெல்லாம் திடீரென்று ஒன்றாகக் கிளம்பினால் அவற்றைப் பார்க்காதீர்கள். அவற்றுக்கு மேலே பாருங்கள். கோரைக்கு மேல் தாழ்வாக, இறக்கைகளை லேசாக மேலே தூக்கிப் பிடித்தபடி மிதந்து வருவது சேற்றுப் பூனைப்பருந்தாக இருக்கும். அதுவும் பனிக்காலத்துக்கு வந்த விருந்தாளிதான். தண்ணீரில் கால் முன்னால் நீட்டிப் பாய்ந்து மீனோடு எழுந்தால் அது விராலடிப்பான். பெயரே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது.

யார் யார் என்று தெரிந்துகொள்ள

முதல் இரண்டு வாரம் உள்ளூர்ப் பறவைகளை மட்டும் படியுங்கள். ஏனென்றால் அவைதான் அளவுகோல். புதுப் பறவை ஒன்றைக் கண்டால் "மைனாவைவிடப் பெரிது, காக்கையைவிடச் சிறிது" என்று எழுத வேண்டும். "உண்ணிக்கொக்கு உயரம், ஆனால் மூக்கு வளைந்திருக்கிறது" என்று எழுத வேண்டும். நிறத்தை வைத்துத் தேடாதீர்கள். வெளிச்சம் நிறத்தை மாற்றிவிடும். உருவம், மூக்கு, கால், இரை எடுக்கும் விதம், இவை மாறாது.

நாமக்கோழியிலிருந்து தொடங்கலாம். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளை நாமம். பறக்கக் கிளம்பும்போது தண்ணீர்மேல் தடதடவென்று ஓடிவிட்டுத்தான் எழும். புதியவர்கள் வாத்து என்று எண்ணுவதில் முதலிடம் இதற்குத்தான். உருண்டையாக, கைப்பிடி அளவில், கண்முன்னே மூழ்கி வேறெங்கோ எழுவது முக்குளிப்பான். பாம்புபோல் கழுத்தை மட்டும் நீருக்கு மேல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. அல்லி இலைமேல் நீண்ட விரல்களை ஊன்றி நடப்பது நீளவால் இலைக்கோழி. ஆனால் பனிக்காலத்தில் அதற்கு அந்த நீள வால் இருக்காது. புத்தகத்தில் பார்த்த வாலைத் தேடி ஏமாறாதீர்கள்.

நம் ஏரியில் ஆண்டு முழுக்க இருக்கும் வாத்துகள் மூன்று. செம்பழுப்பு நிறத்தில், பறக்கும்போது சீட்டியடித்துக்கொண்டே போவது சீழ்க்கைச் சிறகி. மூக்கு நுனியில் மஞ்சள் பூசியது புள்ளிமூக்கு வாத்து. வெள்ளையும் கரும்பச்சையுமாகச் சின்னஞ்சிறியது குள்ளத்தாரா; மரப்பொந்தில் முட்டை வைக்கும். இந்த மூன்றையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். இந்த மூன்றும் இல்லாத வாத்து எதுவோ, அது பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்ததாக இருக்கும்.

வந்தவற்றில் முதலில் கற்க வேண்டியவை நான்கு. ஊசிவால் வாத்துக்கு நீண்ட மெல்லிய கழுத்து, கூரிய வால். ஆணுக்குச் சாக்லேட் நிறத் தலை, கழுத்தோரம் மேலேறும் வெள்ளைக் கோடு. தட்டைவாயன் மூக்கைப் பார்த்தாலே போதும், நுனி கரண்டிபோல் அகன்றிருக்கும். மூக்கைத் தண்ணீரில் வைத்தபடியே, கூட்டமாக வட்டம் சுற்றி வடிகட்டிக்கொண்டிருக்கும். நீலச்சிறகி ஆணுக்குக் கண்ணுக்கு மேல் அகலமான வெள்ளைப் புருவம். பறக்கும்போது இறக்கையின் முன்பகுதி வெளிர்நீலமாகத் தெரியும். கிளுவை இவற்றில் சிறியது, இறக்கையில் பளிச்சென்று ஒரு பச்சைத் திட்டு. பெண் வாத்துகள் எல்லாம் ஒரே பழுப்பாகத்தான் இருக்கும். வந்த புதிதில், கார்த்திகையில், ஆண்களும் மங்கலாகத்தான் இருக்கும். அதனால் முதலில் ஆண்களைக் கற்றுக்கொள்ளுங்கள். பெண்கள் அடுத்த வருஷத்துக்கு.

உள்ளான்கள் கடினம். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பழுப்பு மேல், வெள்ளை அடி, நீள மூக்கு என்று ஒரே அச்சில் வார்த்தவை போலிருக்கும். முதல் வருஷத்தில் நான்கு போதும். இளஞ்சிவப்பு நெட்டைக்காலில் நடக்கும் நெடுங்கால் உள்ளான் யாருக்கும் தப்பாது, அது இங்கேயே இருப்பதும்கூட. முதுகில் பொரி தூவியதுபோல் புள்ளிகள், கண்மேல் வெள்ளைப் புருவம், கிளப்பினால் கீச்கீச்சென்று கத்திப் பறப்பது பொரி உள்ளான். நம் வயல்களில் எளிதாகக் கண்ணில் படுவது இதுதான். நேரான நீண்ட மூக்கை அடிவரை சேற்றில் ஏற்றி எடுப்பது கருவால் மூக்கன். சிட்டுக்குருவி அளவில், ஈரச் சேற்றின்மேல் கொசுக் கூட்டம்போல் விறுவிறுவென்று ஓடுவது கொசு உள்ளான். அதன் எடை 20 முதல் 30 கிராம்தான். வட துருவத்தை ஒட்டிய சமவெளியில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்துவிட்டு நம் ஊர்ச் சேற்றுக்கு வருகிறது. அதை முதன்முதலில் அடையாளம் கண்ட காலை எனக்கு இன்னும் மறக்கவில்லை. எத்தனையோ முறை அதைக் கடந்து நடந்து போயிருக்கிறேன் என்பதும் அன்றைக்குத்தான் உறைத்தது.

இங்கே ஒன்றைத் திருத்தியாக வேண்டும். உயரமான நாரைகளையும் கூழைக்கடாக்களையும் காட்டி, "வெளிநாட்டுப் பறவை, ஆஸ்திரேலியாவிலிருந்து வருது" என்று நம் ஊரில் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள். நத்தைகுத்தி நாரை, மஞ்சள்மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள்மூக்கன் எல்லாம் இந்த நாட்டிலேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை. தண்ணீரும் இரையும் இருக்கிற பக்கம் நகர்ந்து வருகின்றன, அவ்வளவுதான். உண்மையில் மலை கடந்து வந்தவை, பெரும்பாலும் யாரும் திரும்பிப் பார்க்காத அந்தச் சின்னப் பழுப்புப் பறவைகள். பிள்ளைகளுக்கு அவற்றைக் காட்டுங்கள்.

ஏரியை விட்டு ஒரு சின்ன விலகல். ஐப்பசி மழை நாட்களில் பல நிறம் கொண்ட, குட்டை வாலுள்ள ஒரு பறவை சோர்ந்துபோய் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ வந்து விழுவதுண்டு. அது ஆறுமணிக் குருவி. இமய அடிவாரத்திலிருந்தும் மத்திய இந்தியாவிலிருந்தும் இரவில் பறந்து வந்து களைத்திருக்கும். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். காற்றோட்டம் உள்ள ஒரு அட்டைப்பெட்டியில் வைத்து, இருட்டான அமைதியான இடத்தில் விட்டுவிடுங்கள். சில மணி நேரம் கழித்து, பூனை இல்லாத மரத்தடியில் திறந்துவிட்டால் பெரும்பாலும் போய்விடும். இறக்கை தொங்கினாலோ ரத்தம் தெரிந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

எண்ணுங்கள், எழுதுங்கள்

ஒவ்வொரு முறையும் தேதி, வந்த நேரம், கிளம்பிய நேரம், தண்ணீர் எவ்வளவு (மதகின் எத்தனையாவது கல் தெரிகிறது என்று எழுதலாம்), என்னென்ன பறவை, எத்தனை. பெயர் தெரியாததற்குப் படம் வரையுங்கள். கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, மூக்கு நீளமும் கால் நிறமும் குறித்திருந்தால் வீட்டில் புத்தகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்.

பெரிய கூட்டத்தை எண்ணும் முறை இது. முதலில் ஓரத்திலிருந்து பத்துப் பறவையை ஒன்றொன்றாக எண்ணுங்கள். அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று மனசில் பிடித்துக்கொண்டு, அதே அளவில் கூட்டம் முழுக்க அளந்து போங்கள். நெல் மூட்டை அடுக்கை எண்ணுகிற மாதிரிதான். ஆயிரக்கணக்கில் இருந்தால் பத்துக்குப் பதில் நூறு.

நோட்டில் இருப்பதை, பறவைப் பட்டியல்களைப் பதிவதற்கான இ-பேர்ட் செயலியில் ஏற்றலாம். பதினைந்து நிமிஷம் ஒரே இடத்தில் நின்று, கண்டதையெல்லாம் விடாமல் பட்டியலிட்டால் அது பயனுள்ள தகவல். அரிய பறவையை மட்டும் போட்டுவிட்டு மற்றதை விட்டுவிட்டால் பயன் குறைந்துவிடும். பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் யாரும் தங்கள் ஊரிலிருந்தே சேரலாம். ஆசிய நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 1987இலிருந்து ஜனவரியில் நடக்கிறது. வனத்துறையும் பனிக்காலத்தில் ஈரநிலப் பறவைகளை ஒரே சமயத்தில் கணக்கெடுக்கிறது, தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். பழகியவர்களோடு ஒரு நாள் நின்றால் தனியாக மூன்று மாதத்தில் கற்பதைக் கற்றுக்கொள்ளலாம்.

காலில் வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால் நிறத்தையும் எழுத்தையும் எந்தக் காலில் இருக்கிறது என்பதையும் குறியுங்கள். மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் கோடியக்கரையில் பல ஆண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறார்கள். நீங்கள் குறித்த ஒரு எண் ஒரு பறவையின் பயணத்தில் ஒரு நிறுத்தமாகப் பதிவாகும்.

கரையில் கவனம்

காய்ந்ததுபோல் தெரியும் ஏரிச் சேற்றை நம்பாதீர்கள். மேலே வெடித்திருக்கும், கீழே களி. ஒரு தை மாதம் உள்ளானைக் கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் நாலடி உள்ளே போய் முழங்கால் வரை புதைந்தேன். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர் மூங்கிலை நீட்டி இழுத்துவிட்டார். அன்றிலிருந்து கரையை விட்டு இறங்குவதில்லை. தனியாகப் போனால் வீட்டில் எந்தக் கரை என்று சொல்லிவிட்டுப் போங்கள். புல்லில் நடக்கும்போது மூடிய செருப்போ ஷூவோ போடுங்கள், பாம்பு உண்டு. கலிங்கில் தண்ணீர் வழியும்போது அதன்மேல் நடந்து கடக்காதீர்கள்.

பறவையைப் பறக்கவைத்துப் பார்க்கக் கூடாது. கல் எறிவது, கைதட்டுவது, டிரோன் விடுவது எல்லாம் ஒன்றுதான். பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்க வேண்டிய உடம்பு அது, இங்கே தின்று சேர்க்கும் கொழுப்புதான் அதன் வழிச்சாப்பாடு. ஒவ்வொரு தடவை நாம் கிளப்பிவிடும்போதும் அதிலிருந்து கொஞ்சம் போகிறது. வாத்துகள் மேய்வதை நிறுத்திக் கழுத்தை நிமிர்த்தினாலே நீங்கள் கிட்டே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். நின்றுவிடுங்கள்.

மடையானையும் உள்ளானையும் கண்ணி வைத்துப் பிடித்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். கண்ணி கண்டால் சண்டைக்குப் போகாமல் இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறைக்குத் தெரிவியுங்கள். வாங்கித் தின்பவர் நம் வீட்டிலோ உறவிலோ இருந்தால் அவரிடம் பேச வேண்டியது நாம்தான். நான் பேசியிருக்கிறேன். ஒரு பொங்கலன்று என்னோடு கரைக்கு வந்து பைனாகுலர் வழியாகப் பார்த்த பிறகு எங்கள் பெரியப்பா அதை வாங்குவதை விட்டுவிட்டார்.

இனி வடுவூர்

நான்கு காலை முடிந்ததா? இப்போது போகலாம். தஞ்சாவூர் மன்னார்குடி சாலையிலேயே வடுவூர் இருக்கிறது, பஸ் வசதி நிறைய. 1999இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பார்வைக் கோபுரம் உண்டு. காலையில் எந்தப் பக்கம் வெயில் விழுகிறது என்று பார்த்து இடம் பிடியுங்கள்.

கூடு கட்டும் பறவைகளைப் பார்க்க விரும்பினால் திருத்துறைப்பூண்டிக்கும் முத்துப்பேட்டைக்கும் இடையில் உதயமார்த்தாண்டபுரம். நத்தைகுத்தி, அரிவாள்மூக்கன், வக்கா, நீர்க்காகம் எல்லாம் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூட்டமாகக் கூடு வைக்கும். அங்கே மார்கழிக்கு முன்பே போய்விடுவது நல்லது. தஞ்சாவூரிலிருந்து கொள்ளிடம் தாண்டி, திருமானூர் வழியாகச் சுமார் 35 கிலோமீட்டர் போனால் கரைவெட்டி. 2024இல் ராம்சர் பட்டியலில் வந்த ஏரி. தலையில் இரண்டு கறுப்புப் பட்டையுள்ள வரித்தலை வாத்தைப் பார்க்க நான் போவது அங்கேதான். இமயத்தைக் கடக்கும்போது அது 7,000 மீட்டருக்கு மேல் பறந்ததைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். கோடியக்கரையைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பூநாரைகளோடு கடலோர உள்ளான்களும் ஆலாக்களும் சேர்ந்துகொள்ளும், அதற்கு ஒரு பருவமாவது கண் பழகியிருக்க வேண்டும்.

எங்கே போய் வந்தாலும் ஊர் ஏரிக்குப் போவதை நிறுத்தாதீர்கள். குறிப்பாக மாசிக் கடைசியிலும் பங்குனியிலும். அப்போது வெயில் ஏறிவிடும், பார்க்க வருகிறவர்கள் நின்றுவிடுவார்கள். ஆனால் அந்த வாரங்களில்தான் உள்ளான்களின் மங்கல் நிறம் மாறத் தொடங்கும். கருவால் மூக்கனின் கழுத்தில் செங்கல் நிறம் ஏறும். மாலையில் வாத்துகள் அமைதியில்லாமல் எழுந்து சுற்றிச் சுற்றி இறங்கும். ஒரு காலை போய்ப் பார்த்தால் நாமக்கோழிகளும் சீழ்க்கைச் சிறகிகளும் மட்டும் இருக்கும். அந்தத் தேதியை நோட்டில் எழுதி, ஆவணியில் முதல் பொரி உள்ளான் இறங்கும் தேதிக்கு அடுத்த வரியில் இடம் விட்டு வையுங்கள்.